வாங்கன்னு ஒரு வார்த்தை

உக்காரலாமாம்மா? யாருக்கும் எடம் போட்டு வச்சிருக்கீங்களா? இல்லேல்லா? பாருங்க, நான் கேட்டு முடிக்கல, பையைத் தூக்கி மடியில வச்சிக்கிட்டு "உக்காருங்கம்மா"ன்னுட்டீங்க. இதுக்குப் பேருதான் மரியாதை. நீங்க யாரோ, நான் யாரோ. முன்ன பின்ன பாத்தது கிடையாது. ஆனா ஒரு வார்த்தை வாயில இருந்து வருது. நான் இப்பம் ஒரு வீட்டு வாசல்ல போயி நின்னுட்டு வாரேன். முப்பத்தெட்டு வருசப் பழக்கம். ஒரு வார்த்தை இல்ல. நாய் வந்து நின்னா கூட "சூ"ன்னாவது சொல்லுவாங்க. எனக்கு அதும் இல்ல.

நீங்க எங்க, தென்காசியா? நான் ஆலங்குளம். காலைல எட்டரை பஸ்ஸப் பிடிச்சு திருநெல்வேலி வந்து, புது பஸ் ஸ்டாண்டுல இறங்கி, ஆட்டோ பிடிச்சு பெருமாள்புரம் போயி, ஒரு நிமிசம் நின்னுட்டு, அதே ஆட்டோவுல திரும்பி வாரேன். ஆட்டோக்காரன் கேக்கான், "என்னம்மா, ஆளு இல்லியா?"ன்னு. ஆளு இருக்குப்பா, மனுசங்கதான் இல்லன்னேன்.

கண்டக்டரப் பாத்தீங்களா? உங்களுக்கு டிக்கெட் கிழிக்கும்போது மூஞ்சியப் பாத்துக் கிழிச்சான். எனக்கு எங்கேயோ பாத்துக்கிட்டு நீட்டுதான். இதெல்லாம் யாரும் கவனிக்க மாட்டாங்க. நான் கவனிப்பேன். எனக்குத் தொழில் அது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல டிரங்க் ஆப்பரேட்டர். காதுல ஹெட்போனை மாட்டினா, ஒருத்தன் "ஹலோ"ங்கிறதுக்குள்ள அவன் யோக்கியதை எனக்குத் தெரிஞ்சிரும். பொண்டாட்டிகிட்ட பொய் சொல்லப் போறானா, வேலைக்காரனை ஏசப் போறானா, எல்லாம் அந்த ஒரு ஹலோவுல இருக்கு. நான் யார் மனசையும் ரெண்டு நொடியில படிச்சிருவேன். இதுவரைக்கும் தப்பினது இல்ல.

இந்த மங்கை இருக்காளே, மங்கையர்க்கரசி, இப்பம் நான் போயிட்டு வாரேன்ல, அவ வீடுதான். எண்பத்தாறுல ஒரே நாள் வேலைக்குச் சேந்தோம். லைன் குடுக்கித போர்டுல அவ எனக்கு வலது பக்கம். அவ நல்லவதான், இல்லன்னு சொல்லல. ஆனா விவரம் பத்தாது. அந்தக் காலத்துல வெளியூருக்குப் பேசுத டிரங்க் கால்னா மூணு நிமிசம். மூணு நிமிசம் ஆச்சுன்னா நடுவுல பூந்து, "டைம் ஓவர்"னு சொல்லி வெட்டணும். நான் வெட்டிருவேன். டக்குனு. இவ வெட்ட மாட்டா. யாராவது எழவுச் சேதி சொல்லிக்கிட்டு இருந்தா, அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் அடங்கித வரைக்கும் காத்துக்கிட்டு இருப்பா. சூப்பர்வைசர்கிட்ட எத்தனை தடவை வாங்கிக் கட்டியிருக்கா! கேட்டா, "லைன்ல வாறது பாதிதானட்டி கோமு, அந்தப் பக்கம் என்ன நடக்குதோ, நமக்கு என்ன தெரியும்?"ம்பா. எல்லாத்துக்கும் அவளுக்கு அந்த ஒரு பாட்டுதான். எவன் கத்தினாலும், "பாவம், அந்தப் பக்கம் என்ன நடக்குதோ." எனக்கு எரிச்சலா வரும். என்ன நடந்தா என்ன? என்கிட்ட ஏன் கத்துதான்?

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. நான் போனை யாரையும் முந்தி வைக்க விட மாட்டேன். பேசி முடியப் போவுதுன்னு தெரிஞ்சா நானே வச்சிருவேன். அந்தப் பக்கம் "டொக்"னு விழுத சத்தம் இருக்கே, அதை என் காது கேக்கக் கூடாது. மங்கை சிரிப்பா. "இன்னும் ஒரு வார்த்தை பாக்கி இருந்துச்சுட்டி, அதுக்குள்ள வச்சிட்டே"ன்னு மறுநாள் வந்து அந்த வார்த்தையைச் சொல்லுவா. அப்பிடித்தான் முப்பத்தாறு வருசம் ஓடிச்சு.

கல்யாணமா? ஆச்சு, ஆச்சு. எட்டு மாசம். அந்த ஆளு தினமும் ஆபீஸ்ல இருந்து அரை மணி நேரம் பிந்தி வர ஆரம்பிச்சாரு. எனக்குப் புரிஞ்சு போச்சு, இந்த ஆளு நம்மள விடப் போறாருன்னு. அவரு விடுததுக்கு முந்தி நான் விட்டுட்டேன். பெட்டியத் தூக்கிட்டு வந்துட்டேன். அவரு மூணு மாசம் அலைஞ்சாரு. "சைக்கிள் பஞ்சர்டி, ஓவர்டைம்டி"ன்னு என்னென்னமோ சொன்னாரு. நான் விவரமானவ இல்லியா, ஏமாறுவேனா?

நீங்க ஏன் அப்பிடிப் பாக்கீங்க? பாவம்னு பாக்கீங்களா? அந்தப் பார்வை எனக்கு வேண்டாம். நான் சந்தோசமாத்தான் இருக்கேன். சரி, விசயத்துக்கு வாரேன்.

ரெண்டு வருசத்துக்கு முந்தி மங்கை அந்தப் பெருமாள்புரம் வீட்டைக் கட்டிப் பால் காய்ச்சினா. நான் முந்தின நாளே சொல்லிட்டேன், விடியக்காலம் நிப்பேன்னு. பித்தளைக் குத்துவிளக்கு ஒண்ணு வாங்கி, புளி போட்டுத் தேய்ச்சு, மஞ்சத் துணியில சுத்தி எடுத்துக்கிட்டுப் போனேன். வாசல்ல மங்கையும் அவ வீட்டுக்காரரு சங்கரபாண்டியனும் நிக்காங்க. எனக்கு முன்னால எவளோ ஒருத்தி, பக்கத்துத் தெருவாம், போறா. "வாங்க, வாங்க, வாங்க!" மூணு வாங்க. அவளுக்குப் பின்னால கொத்தனார் சம்சாரம். "வாம்மா, வா!" அடுத்தால நான். என்னைப் பாக்கா. பாத்துட்டு என்ன சொன்னா தெரியுமா? "ஏட்டி, பால் பொங்கப் போவுது, அந்தக் கரண்டியை எங்க வச்சேன்னு பாரு. செருப்பை அந்தால விடு."

கரண்டி! நான் கரண்டி தேடவா ஆலங்குளத்துல இருந்து நாலு மணிக்கு எந்திரிச்சு வந்திருக்கேன்?

குத்துவிளக்கை நடுவீட்டுல வச்சேன். பால் பொங்கிச்சு. எல்லாரும் டம்ளர் டம்ளரா வாங்கிக் குடிக்காங்க. நான் பின்பக்கமா இறங்கி வந்துட்டேன். ஒரு சொட்டு வாயில படல. யாரும் தேடல. சரி, தேடியிருப்பாங்க, சாயங்காலம் போன் மேல போன். நான் எடுத்தாத்தானே?

மறுவாரம் ஆலங்குளத்துக்கே வந்துட்டா. கையில குக்கர் டப்பா நிறையப் பால் பாயசம். வாசல்ல நின்னு சொல்லுதா, "ஏட்டி கோமு, உனக்கு எதுக்குட்டி வான்னு சொல்லணும்? நீ என்ன விருந்தாளியா? விருந்தாளியத்தான் வாங்கம்பாங்க. உன்னை வேலை ஏவினேன், நீ எங்க வீட்டு ஆளு"ன்னு. பேச்சு சாமர்த்தியத்தைப் பாத்தீங்களா? எப்பிடித் திருப்பிப் போடுதா பாருங்க! நான் கதவுக்கு இந்தப் பக்கம் தாப்பாளைப் பிடிச்சுக்கிட்டு நிக்கேன். தொறக்கல. அவ மூச்சு வாங்குதது எனக்குக் கேக்கு. மாடிப்படி ஏறி வந்தவ. பாயசத்தை வாசல்ல வச்சிட்டுப் போயிட்டா.

அடுத்த மாசம் ரெண்டாவது தடவை வந்தா. அப்பமும் தொறக்கல. மூணாவது தடவை வருவான்னு பாத்தேன். மூணாவது தடவை வந்தா தொறந்திரணும்னு முடிவு பண்ணி, நல்ல டபரா டம்ளர் கூட எடுத்துக் கழுவி வச்சிருந்தேன். வரல! பாத்துக்கிடுங்க. ரெண்டு தடவையோட அவ பாசம் தீந்து போச்சு. நான் அப்பமே சொன்னேன், இவ்வளவுதான் இவன்னு.

இந்தா, அடிக்குது பாத்தீங்களா? என் போன்தான். யாரு, அவதான். பேரை அழிச்சிட்டேன், நம்பரை அழிக்க முடியுமா? எக்ஸ்சேஞ்சுக்காரி தலையில நம்பர் அழியுமா? கடைசி நாலு நம்பரைப் பாத்தாலே போதும். வெட்டிட்டேன். அடிக்கட்டும். நான் நேர்ல வந்து நின்னப்ப வாய் இல்ல, இப்பம் போன்ல வாய் வந்திருச்சாக்கும்.

இன்னைக்கு என்ன நடந்துச்சுங்கிறதைக் கேளுங்க. விடியக்காலம் அஞ்சரை மணிக்கு இதே நம்பர் அடிக்குது. ரெண்டு வருசம் கழிச்சு! போர்வைய உதறிட்டு எந்திரிச்சு உக்காந்துட்டேன். சந்தோசம்னு வச்சுக்கிடுங்க, உங்ககிட்ட என்ன மறைக்க. ஆனா முதல் தடவை அடிச்ச உடனே எடுத்தா, இவ காத்துக்கிட்டே இருந்தாங்கிற மாதிரி ஆயிரும்லா? வெட்டினேன். திரும்ப அடிச்சா. வெட்டினேன். மூணாவது தடவையும் அடிச்சா. ரெண்டு ரிங்குலயே அதுவா நின்னு போச்சு. நாலாவது தடவை அடிச்சா எடுக்கலாம்னு போனைக் கையிலயே வச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன். அடிக்கல.

அப்பம் நானே யோசிச்சேன். போன்ல என்ன, நேர்லயே போயிருவோம். அவ இறங்கி வந்துட்டா, நாமளும் ஒரு எட்டு இறங்குவோம். அவளுக்கும் வயசாவுது, எனக்கும் வயசாவுது. குளிச்சு, இந்த அரக்குச் சேலையை எடுத்துக் கட்டினேன். இது அவ எடுத்துக் குடுத்ததுதான், நான் ரிட்டையர் ஆனப்ப. இதைக் கட்டிக்கிட்டுப் போனா அவளுக்குப் புரியும். போனதும் அவ வாசலுக்கு வந்து "வாட்டி கோமு"ன்னு ஒரு வார்த்தை சொல்லணும். அவ்வளவுதான் எனக்கு. அதைச் சொல்லிட்டா பழசெல்லாம் விட்டுரலாம்னு மனசுல வச்சிக்கிட்டுத்தான் போறேன்.

போயி இறங்குதேன். மணி பத்து இருக்கும். வாசல்ல கோலத்தைக் காணோம். பத்து மணி வரைக்கும் வாசல் தெளிக்காத வீடு, எப்பிடி விளங்கும்? கேட்டு ரெண்டு கதவும் விரியத் தொறந்து கிடக்கு. குட்டி யானை வண்டியில இருந்து ஒருத்தன் பிளாஸ்டிக் சேரா இறக்கிப் போடுதான். இன்னும் ரெண்டு பேரு வீட்டுக்குள்ள இருந்து சோபாவைத் தூக்கிட்டு வெளிய வாராங்க. தெருவுல அங்கொண்ணும் இங்கொண்ணுமா ஆளுங்க நிக்காங்க. எனக்குச் சட்டுனு புரிஞ்சு போச்சு. விசேசம்! மகளுக்கு நிச்சயதாம்பூலம். அதான் நடுவீட்டை ஒழிச்சு விரிப்பு விரிக்கப் போறாங்க. அதுக்கு என்னைக் கூப்பிட, விசேசத்தன்னைக்குக் காலைல அஞ்சரைக்கு, கடமைக்கு மூணு ரிங்கு. ஊருக்கெல்லாம் வெத்தலை பாக்கு வச்சு அழைச்சிருப்பா. எனக்கு மிச்சம் மீதி போன்ல!

சரி, வந்தது வந்துட்டோம்னு கேட்டுப் பக்கத்துல போயி நின்னேன். படியில சங்கரபாண்டியன் உக்காந்திருக்காரு. பனியனோட. விசேச வீட்டு ஆம்பளைக்குச் சட்டை போட நேரம் இல்ல பாருங்க. என்னை நிமிந்து பாத்தாரு. நல்லாப் பாத்தாரு. வாய் லேசாத் தொறந்துச்சு. நான் காத்துக்கிட்டு நிக்கேன், இந்தா சொல்லப் போறாரு, இந்தா சொல்லப் போறாருன்னு. வாயை மூடித் தலையைக் குனிஞ்சிக்கிட்டாரு. தலையக் குனிஞ்சிக்கிட்டாரும்மா!

சன்னல்ல மக செண்பகா நிக்கா. காதுல போனு. தலை சீவல, மூஞ்சி எல்லாம் வீங்கி, அப்பத்தான் தூங்கி எந்திரிச்சவ கணக்கா. என்னைக் கண்டதும் கையை லேசாத் தூக்கினா. வான்னு கூப்பிடுதாளா, போன்னு சொல்லுதாளா? உள்ளுக்குள்ள திரும்பிட்டா. நான் தூக்கி வளத்த பிள்ளை! தெருவுல நின்ன பொம்பளைங்க ரெண்டு பேரு என்னை மேலயும் கீழயும் பாத்து ஒதுங்கி வழி விடுதாங்க. வாயத் தொறந்து ஒருத்தி பேசணுமே! ஊமைக் கூட்டம். எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு, இவளை அழைக்கல, இவளா வந்து நிக்கான்னு.

மங்கை? அவ வெளியவே வரல. மூணு தடவை போன் அடிச்சவ, நான் வாசல்ல வந்து நிக்கும்போது வெளிய தலை காட்டல.

நான் திரும்பிட்டேன். பின்னால யாரோ "அம்மா"ன்னு கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு. திரும்பல. ஆட்டோவுல ஏறி உக்காந்துட்டேன். என்ன பெருசா நடந்து போச்சு? எனக்கு இது புதுசா? ஆறு வயசுல எங்க அம்மா என்னைக் கூட்டிக்கிட்டு அம்பாசமுத்திரம் அத்தை வீட்டுக்குப் போனா. வாசல்ல நிறுத்தி, "கடைக்குப் போயிட்டு வந்திருதேன்"ன்னா. இடுப்புல இருந்த கைக்குழந்தையை மட்டும் தூக்கிக்கிட்டுப் போனா. நான் படியிலயே நின்னேன். விளக்கு வைக்கித வரைக்கும் நின்னேன். அத்தை வந்து, "இங்கேயே நிக்கப் போறியா?"ன்னு கேட்டா. உள்ள வான்னு சொல்லல, அதை நல்லாக் கவனிச்சிருக்கேன். நாலு வருசம் அந்த வீட்டுல கிடந்தேன். அதெல்லாம் ஒண்ணும் இல்ல. அந்தக் காலத்துல எல்லா வீட்டுலயும் நடந்ததுதான். அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பேச்சுவாக்குல வந்துச்சு, சொன்னேன்.

நீங்க சன்னல் பக்கமே பாத்துக்கிட்டு வாரீங்க. அலுப்பா இருக்கா என் பேச்சு? இருந்தா சொல்லிருங்க, நான் முன்னால போயி உக்காந்துக்கிடுதேன். இல்லியா? பின்ன ஏன் கண்ணு ஒரு மாதிரி இருக்கு? என்ன கேக்கீங்க? சேர் வெள்ளைச் சேரான்னா? ஆமா. பந்தல் போட்டிருந்தாங்களான்னா? கம்பு கிடந்துச்சு. அதை எதுக்குக் கேக்கீங்க? உங்களுக்கும் அவங்களைத் தெரியுமா என்ன?

இந்தா, மறுபடி அடிக்கா. விட மாட்டா போலிருக்கே. ஒண்ணு செய்யுங்க, நீங்க எடுங்க. எடுத்து, "கோமதியம்மாவுக்குப் பேச இஷ்டம் இல்ல, இனிமே இந்த நம்பருக்கு அடிக்காதீங்க"ன்னு அழுத்தமாச் சொல்லுங்க. வேத்து ஆள் வாயால கேட்டாத்தான் உறைக்கும். பச்சைப் பட்டனை அமுக்குங்க. ஆங்.

சொல்லுங்க. ஏன் சும்மா கேட்டுக்கிட்டே இருக்கீங்க? நான் சொன்னதைச் சொல்லுங்க.

என்ன சொல்லுதா? என்ன "சரிம்மா, சரிம்மா"ங்கீங்க? உங்களையும் பேசி மயக்கிட்டாளா? யாரு, செண்பகாவா? அவளை ஏன் பேச விட்டிருக்கா? குடுங்க இங்க. இல்ல, நீங்களே சொல்லுங்க. என் கையை ஏன் பிடிக்கீங்க? விடுங்க கையை. முதல்ல சொல்லுங்க.

எப்பம்?

எட்டு மணிக்கா? இன்னைக்கா?

இல்லம்மா, உங்களுக்குச் சரியாக் கேட்டிருக்காது. அவ காலைல அஞ்சரைக்கு எனக்குப் போன் பண்ணினாம்மா. நான்தான் வெட்டினேன். நல்லாத்தான் இருந்தா. எங்க இருந்து? ஆஸ்பத்திரியில இருந்தா? அவளேதானா, மக அடிக்கலியா? கட்டில்ல படுத்துக்கிட்டு அவளே அடிச்சாளாக்கும். மூணு தடவையும். மூணாவதுக்கு மேல கையில போனு நிக்கலியாக்கும்.

பன்னெண்டு மணிக்குத்தான் வீட்டுக்குக் கொண்டுவாராங்களா. அதுக்குத்தான் நடுவீட்டை ஒழிச்சாங்களா.

இன்னும் என்ன? இன்னும் என்னமோ சொன்னாளே, நீங்க முழுங்குதீங்க. சொல்லிருங்க, நான் தாங்குவேன். "துக்க வீட்டுல வாங்கன்னு சொல்லக் கூடாதுல்லா, அதான் அப்பா சொல்லல. அத்தை தப்பா நினைச்சிட வேண்டாம்னு அப்பா சொல்லச் சொன்னாங்க"ன்னா? அப்பிடியா சொன்னா? ஆத்தாளை அங்க போட்டுட்டு, நான் கோவிச்சுக்கிடுவேனோன்னு பயந்து போன் அடிச்சிக்கிட்டு இருக்கு, பாருங்க அந்தப் பிள்ளை.

எனக்குத் தெரியாதா? துக்கத்துக்கு யாரும் அழைக்க மாட்டாங்க, யாரும் வாங்கன்னு சொல்ல மாட்டாங்க, நாமளாத்தான் நேரா உள்ள போகணும். சின்னப் பிள்ளைக்குத் தெரியும். எத்தனை வீட்டுக்குப் போயிருக்கேன். கோலத்தைப் பாத்தேன், சேரைப் பாத்தேன், அந்த மனுசன் மூஞ்சியப் பாத்தேன். அவரு மூஞ்சியில எனக்கு என் மூஞ்சிதான் தெரிஞ்சிருக்கு. யார் மனசையும் ரெண்டு நொடியில படிச்சிருவேனாம். தூ!

முந்திக்கிட்டாம்மா அவ. முப்பத்தெட்டு வருசத்துல ஒரு தடவை கூட என்னை முந்தி வச்சது கிடையாது. இன்னைக்கு வச்சிட்டா. அந்தப் பக்கம் விழுந்த சத்தம் கூட என் காதுல கேக்கல. பாக்கி ஒரு வார்த்தை இருந்துச்சோ என்னமோ. இனி நாளைக்கு வந்து யாரு சொல்லுவா?

கண்டக்டர்! ஏப்பா, நிப்பாட்டு. ஆலங்குளம் டிக்கெட்டுன்னா ஆலங்குளத்துலதான் இறங்கணுமா? இங்கேயே நிப்பாட்டு. எதுத்தாப்புல வார பஸ்ஸைப் பிடிக்கணும் எனக்கு. நீ என் மூஞ்சியப் பாத்தா என்ன, பாக்காட்டா என்ன, விசிலை ஊது.

பையைக் கொஞ்சம் ஒதுக்குங்கம்மா. அழாதீங்க, உங்களுக்கு அவளைத் தெரியவே தெரியாது, நீங்க எதுக்கு அழுவுதீங்க? போனைக் குடுங்க. லைன் இருக்கா? நீங்க வெட்டலியே? நல்லவேளை.

ஏட்டி செண்பகா. அத்தைதான் பேசுதேன். வச்சிராதட்டி. ஆமா, வாரேன், நேரா உள்ள வந்திருதேன், வாசல்ல நிக்க மாட்டேன். அழு, அழு, பேச வேண்டாம், சும்மா அழு. நான் வைக்க மாட்டேன். நீயும் வைக்காத. நான் வந்து சேருத வரைக்கும் வச்சிராத.